சஸ்பீரியாவின் ஜப்பானியப் போஸ்டர்: முதலில் ஓரத்தைப் படியுங்கள்

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் சஸ்பீரியா என்ற திகில் படத்துக்கு ஜப்பானில் அடித்த போஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, விற்பவர் ஒரிஜினல் என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பழைய ஐரோப்பியத் திகில் படங்களின் ஜப்பானியப் போஸ்டர்களைச் சேர்க்க எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஜப்பானிய மொழி தெரியாத ஒருவர், ஒரு தாள் எந்தக் காலத்தில் அச்சானது என்பதை விற்பவரின் வாய்வார்த்தையை நம்பாமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

நான் அச்சுத் தொழிலில் இருந்து வந்தவன். சிவகாசியில் ஆறு வருடம் ஆஃப்செட் மெஷினோடு இருந்தேன், அப்புறம் வேலை நிமித்தமாக டோக்கியோவில் ஒன்பது வருடம். போஸ்டர் சேர்க்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஆகவே காகிதம், மை, புள்ளி, எழுத்து இவற்றைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். விலை எங்கே போகும், முதலீடாகுமா என்ற பேச்சுக்கு நான் சரியான ஆள் இல்லை.

முதலில் 'ஒரிஜினல்' என்ற சொல். படம் ஜப்பானில் முதல்முறை திரைக்கு வந்தபோது வினியோக நிறுவனம் தியேட்டர்களுக்காக அடித்த தாள் ஒன்று. அதே படம் பல வருடம் கழித்துத் திரும்ப வந்தபோது அடித்த தாள் இன்னொன்று. அதுவும் போலி அல்ல, ஆனால் விலை வேறு. மூன்றாவது, யாரோ வீட்டில் ஸ்கேன் செய்து அடித்த நகல். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் விற்பவர்கள் உண்டு. ஜப்பானியக் கடைக்காரர்கள் 'ஷோஹான்' என்றால் முதல் பதிப்பு, 'ரிபாய்பரு' என்றால் மறுவெளியீடு, 'தோஜிமோனோ' என்றால் அந்தக் காலத்துப் பொருள். விற்பவரிடம் இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். 'ஒரிஜினல்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

சஸ்பீரியாவில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். படம் ஜப்பானுக்கு வந்தது 1977 ஜூனில், தோஹோ தோவா நிறுவனத்தின் வழியாக. 2018-இல் எடுத்த மறுஆக்கமும் அங்கே அதே பெயரில்தான் ஓடியது. பழைய படத்தைப் புதுப்பித்த 4கே பிரதியும் திரைக்கு வந்தது. ஆக, பெயரைப் போட்டுத் தேடினால் எல்லாம் கலந்துதான் வரும். இதோடு இன்னொரு விஷயம். 1977-இல் படம் பெரிய வெற்றி. உடனே அர்ஜென்டோ 1975-இல் எடுத்திருந்த 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'வை 1978-இல் கொண்டுவந்து 'சஸ்பீரியா பார்ட் 2' என்று பெயர் சூட்டி வெளியிட்டார்கள். முன்னால் எடுத்த படம் பின்னால் வந்த படத்தின் இரண்டாம் பாகம் ஆகிவிட்டது. இரண்டு கதைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இணையத்தில் சில விற்பனையாளர்கள் இந்தப் போஸ்டரை சஸ்பீரியா போஸ்டர் என்றே போடுகிறார்கள், வாங்குகிறவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார். தலைப்பின் கடைசியில் 'பார்ட் 2' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் சொல்வதானால், ஜப்பானியப் போஸ்டரை வாங்கும்போது கண் முதலில் படத்துக்குப் போகக்கூடாது, எழுத்துக்குப் போகவேண்டும். அதற்கு ஜப்பானிய மொழி முழுவதும் தெரியவேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்துகள் மட்டும் போதும். அடிப்படை எழுத்துகள் 46. தமிழில் 247 எழுத்தைப் படித்தவருக்கு இது இரண்டு வார வேலை. சஸ்பீரியா என்பது அங்கே ஐந்தே எழுத்து: சா, ஸு, பெ, ரி, ஆ. மூன்றாவது 'பி' இல்லை, 'பெ'. கூரை மாதிரி வளைந்த ஒரு கோடு, அதன் வலது தோளில் சின்ன வட்டம். அந்த வட்டத்தைக் கண்டுபிடித்த நாளில் எனக்குப் போஸ்டர் பேச ஆரம்பித்தது போல இருந்தது. 1980-இல் இன்னொரு இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்ச்சியின் 'ஸோம்பி 2' அங்கே 'சாங்கேரியா' என்று வந்தது. சாஸுபெரியா, சாங்கேரியா என்று சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்தும் ஒன்று, முடிவதும் ஒரே மாதிரி. முந்தைய வெற்றியின் ஓசையைப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

விளம்பர வாசகங்களும் அப்படித்தான். சஸ்பீரியாவுக்கு அவர்கள் வைத்தது 'கெஷ்ஷிதே ஹிதோரி தெ வா மினாய்தெ குதாசாய்'. ஒருபோதும் தனியாகப் பார்க்காதீர்கள் என்று பொருள். 'குதாசாய்' என்பது ரயிலிலும் வங்கியிலும் கேட்கும் பணிவான 'தயவுசெய்து'. அலறாமல், பயமுறுத்தாமல், ஒரு ஊழியர் வாசலில் நின்று தலைகுனிந்து கேட்டுக்கொள்வது போல அந்த வரி இருக்கிறது. அன்று அந்தப் படத்துக்குப் போனவர்களில் பலர் இன்றும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். இத்தாலியப் போஸ்டரை வாங்காமல் ஜப்பானியப் போஸ்டரை ஏன் வாங்கவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். அதே படத்தை இன்னொரு ஊர் தன் பயத்தின் மொழியில் சொல்லியிருக்கிறது. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் 1960-ஆம் வருடப் படம் அங்கே 'ரத்தம் பூசிய கல்லறைக்கல்' ஆனது. பிரிட்டனின் ஹாமர் நிறுவனத்தின் 1957 பிராங்கென்ஸ்டைன் படம் 'பிராங்கென்ஸ்டைனின் எதிர்த்தாக்குதல்' ஆனது. பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவின் 'முகமில்லாத கண்கள்' மட்டும் சொல்லுக்குச் சொல் அப்படியே போனது.

சரி, தாளுக்கு வருவோம். அளவிலேயே பாதிப் போலி வெளியே போய்விடும். ஜப்பானில் வழக்கமான தியேட்டர் போஸ்டர் பி2. கடைக்காரர்கள் 'ஹன்சாய்' என்பார்கள், அரைத்தாள் என்று பொருள். ஜப்பானியத் தர அளவில் பி2 என்பது 515-க்கு 728 மில்லிமீட்டர். உலகத்தின் மற்ற இடங்களில் பி2 என்றால் 500-க்கு 707. இந்த வித்தியாசம் நமக்குப் பெரிய உதவி. வெளிநாட்டில் நகல் அடிப்பவர் பெரும்பாலும் தன் ஊர் அளவிலோ, ஏ2 அளவிலோ, 24-க்கு 36 அங்குலத்திலோ அடிப்பார். வெட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையலாம், அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால் கேள்வி கேளுங்கள். யாரோ ஓரத்தைக் கத்தரித்திருக்கலாம், அதுவும் விலையைக் குறைக்கும் குறைதான். இரண்டு பி2 தாளை மேலும் கீழுமாகச் சேர்த்து ஆள் உயரத்துக்கு வருவது 'தத்தேகான்', சுமார் 1456 மில்லிமீட்டர் நீளம். தியேட்டர் வாசலில் நிறுத்தும் பலகைக்கானது, வெயிலிலும் மழையிலும் நின்று பெரும்பாலும் அழிந்துபோனது. அதனால் விலை எட்டாத உயரம். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

அடுத்து பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும், அச்சகத்துக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பது. 1970-களின் போஸ்டர் நான்கு வண்ண ஆஃப்செட். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு புள்ளிகளும் வெவ்வேறு கோணத்தில் விழுந்து சின்னப் பூ மாதிரி வளையம் கட்டும். இங்க்ஜெட் நகலில் அந்த ஒழுங்கு இருக்காது, மணல் தூவின மாதிரி இருக்கும். ஆனால் ஸ்கேன் செய்து மறுபடி ஆஃப்செட்டிலேயே அடித்தால் அதிலும் பூ தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆகவே லென்ஸைப் படத்தின் மேல் வைக்காதீர்கள், கீழே நடிகர் பெயர் இருக்கும் பொடி எழுத்தின் மேல் வையுங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே பிளேட்டில் இருந்து வந்தது, விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கும். நகலில் அந்த எழுத்தும் ஒரு புகைப்படம்தான். நான்கு வண்ணப் புள்ளிகள் கூடி எழுத்து உருவாகியிருக்கும், விளிம்பு பஞ்சு மாதிரி கலைந்திருக்கும். இந்த ஒரு சோதனையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. டோக்கியோ போன முதல் வருடம், இணையத்தில் ஒருவரிடம் அர்ஜென்டோவின் இன்னொரு படத்துக்கான பி2 வாங்கினேன். ஜப்பானில் 'ஷேடோ' என்ற பெயரில் வந்த 'டெனிப்ரே'. உறையைப் பிரித்து மேஜையில் விரித்தேன். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு, மடிப்பு முனையில் மை உதிர்ந்த வெண்புள்ளி, மூலையில் ஊசித்துளை. பழசேதான் என்று சந்தோஷப்பட்டு மடிப்பின் மேல் விரலை ஓட்டினேன். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கண்ணுக்கு மடிப்பு தெரிகிறது, தாள் வழவழ என்று இருக்கிறது. ஊசித்துளையை வெளிச்சத்தில் பிடித்தேன், ஒளி வரவில்லை. துளையும் மடிப்பும் அச்சடித்த படம். பணம் திரும்பவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வதற்காக.

இனி ஓரத்து எழுத்து. போஸ்டரில் பெரும்பாலும் வருடம் போடமாட்டார்கள். ஆனால் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும் துப்பு நிறைய இருக்கும். வினியோக நிறுவனத்தின் பெயர் முதல் துப்பு. தோவா நிறுவனம் தோஹோ தோவா ஆனது 1975-இல். ஆகவே அறுபதுகளின் படத்துக்கான தாளில் தோஹோ தோவா என்று இருந்தால் அது பெரும்பாலும் மறுவெளியீடு. எய்ரின் என்ற திரைப்படத் தணிக்கை அமைப்பின் வயதுக் குறியீடு இரண்டாவது. பிஜி-12, ஆர்-15 என்று நடுவில் கோடு போட்ட குறியீடுகள் 1998-இல் வந்தவை. ஆர்15+ என்று கூட்டல் குறியோடு இருந்தால் 2009-க்குப் பிறகு. தியேட்டர் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சான தாள்கள் உண்டு, அவை இன்னும் நல்லது. டோக்கியோ எண்களில் 03-க்குப் பிறகு ஒரு 3 சேர்த்தது 1991 ஜனவரி 1-ஆம் தேதி. 03-க்கு அடுத்த பகுதி மூன்றே இலக்கமாக இருந்தால் அதற்கு முந்தைய தாள். ஏழு இலக்கத் தபால் குறியீடு 1998 பிப்ரவரிக்குப் பிறகு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய போஸ்டரில் கிடைவரி எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகும். அதை உங்கள் கையில் யாராவது மலிவாகத் திணித்தால் ரொம்பவே கவனமாக இருங்கள்.

எழுத்துருவும் ஒரு சாட்சி. எழுபதுகளில் ஜப்பானிய விளம்பர எழுத்து கணினியில் கோத்தது அல்ல, புகைப்பட முறையில் கோத்தது. அந்த உலகத்தில் ஷாகென் நிறுவனத்தின் எழுத்துருக்களுக்குத்தான் செல்வாக்கு. அந்த நிறுவனம் தன் எழுத்துருக்களைக் கணினிக்குத் தராமலே பல பத்தாண்டுகள் வைத்திருந்தது, 2024-இல்தான் மொரிசாவா நிறுவனம் வழியாக வெளிவர ஆரம்பித்தன. ஆகவே பழைய போஸ்டரைக் கணினியில் புதிதாகக் கோத்து அடித்தவர்கள் வேறு எழுத்துருவைத்தான் போட்டிருப்பார்கள். நம்பகமான ஓர் ஆவணக்காப்பகப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உறுதியில்லாத சோதனைகளும் உண்டு, அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். புற ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது என்று பொருள். போருக்கு முந்தைய தாளென்று சொல்லப்படுவது இப்படி ஒளிர்ந்தால் அது சந்தேகத்துக்குரியது. 1977-ஆம் வருடத் தாளுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது, அப்போது பல காகிதங்களில் வெண்மையூட்டி வந்துவிட்டது. ஓரம் மஞ்சளாக இருப்பதும் அப்படியே. வெயிலில் ஒரு கோடை வைத்தால் எந்தக் காகிதமும் மஞ்சளாகும். பழைய வாசனை, மடித்த தாள், மடிக்காத தாள் இவற்றையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. உலகத்தில் இத்தனை பிரதிதான் மிச்சம் என்று எண்ணிக்கை சொல்பவரிடம் அதை எப்படி எண்ணினார் என்று கேளுங்கள்.

நிறம் பற்றி ஒன்று. ஆஃப்செட் மையில் வெளிச்சத்துக்கு முதலில் தோற்பது மஞ்சளும் மெஜந்தாவும். சயானும் கறுப்பும் நிற்கும். சலூன் சுவரில் வருடக்கணக்கில் வெயில் பட்ட படங்கள் நீலமாகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். திகில் பட போஸ்டரில் சிவப்புதான் உயிர். அந்த ரத்தம்தான் முதலில் வெளுக்கும். விற்பவர் அனுப்பிய படத்தில் சிவப்பு ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், அது கேமராவின் குறையா, தாளின் குறையா என்று கேட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் வாங்குங்கள். வெளுத்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கிழிசலையும் மடிப்பையும் சரிசெய்ய முடியும்.

எங்கே தொடங்குவது என்றால், சிராஷியில் தொடங்குங்கள். தியேட்டரில் இலவசமாகக் கொடுத்த துண்டுத்தாள், பி5 அளவு, 182-க்கு 257 மில்லிமீட்டர். பெரும்பாலும் போஸ்டரின் அதே படம்தான் முன்பக்கம், பின்பக்கம் கதையும் தியேட்டர் விவரமும். விலை போஸ்டரில் ஒரு சிறு பங்கு. ஒரு முப்பது சிராஷி கையில் வந்தால், எந்த நிறுவனம் எந்தக் காலத்தில் எப்படி எழுத்து அமைத்தது என்று கண் பழகிவிடும். டோக்கியோவில் ஜிம்போச்சோ என்ற பழைய புத்தகக் கடைத்தெருவில் யாகுச்சி ஷோதென் என்ற கடை சினிமா, நாடகப் புத்தகங்களுக்கு என்றே பேர்பெற்றது. 1918-இல் தொடங்கியது. வெளிச்சுவரிலேயே அலமாரி, மழை வந்தால் மூடிவிடுவார்கள். அங்கே போகும் சனிக்கிழமைகளில் வாங்கியதை விடப் பார்த்ததுதான் அதிகம், கற்றதும் அதில்தான். டோக்கியோவிலேயே நகானோ பிராட்வே என்ற வணிக வளாகத்தில், பழைய காமிக்ஸும் சேகரிப்புப் பொருளும் விற்கும் மண்டராகே கடைகளும் உண்டு. ஊரிலிருந்து வாங்குவதானால் ஜப்பானிய ஏல தளங்களில் இடைத்தரகு சேவை மூலம்தான் பெரும்பாலும் வாங்கமுடியும். அங்கே குறைகளை ஒளிக்காமல் எழுதுவது வழக்கம். 'யாகே' என்றால் வெளிச்சத்தில் பழுத்தது, 'ஷிமி' கறை, 'ஓரே' மடிப்பு, 'யாபுரே' கிழிசல், 'காப்யோ அனா' ஊசித்துளை. இந்த ஐந்து சொல்லும் தெரிந்தால் பாதி விளக்கம் புரிந்துவிடும். விலைக்கு, விற்கக் கேட்பதைப் பார்க்காமல் முடிந்த ஏலங்கள் எதில் முடிந்தன என்று பாருங்கள்.

ஜப்பானில் தங்கிய பொருளுக்கு இத்தனை மரியாதை ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லவேண்டும். ஹாமரின் 1958 டிராகுலாவில் கடைசியில் வெயில் பட்டு டிராகுலா சிதையும் காட்சியைப் பிரிட்டனில் தணிக்கை வெட்டியது. ஜப்பானுக்கு நீளமான காட்சி போனதாக ரசிகர்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் டோக்கியோ தேசியத் திரைப்பட மையத்தில் அந்தப் பிரதி கிடைத்தது. 1984-இல் அங்கே நடந்த தீவிபத்தில் முதல் ரீல்கள் போய்விட்டன, கடைசி ரீல்கள் பிழைத்திருந்தன. காட்சி கடைசி ரீலில் இருந்தது. அதிலிருந்து எடுத்துச் சேர்த்த பதிப்புதான் 2013-இல் ப்ளூ-ரே வட்டாக வந்தது.

வாங்கிய பிறகு நம் ஊர் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. அந்தக் காலத்து பி2 பல பூச்சு போட்ட மெல்லிய காகிதம். சென்னை மழைக்காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். ஒவ்வொன்றையும் மைலார் என்ற பாலியெஸ்டர் படல உறையில் போட்டு, இடையில் அமிலமில்லாத தாள் வைத்து, படுக்கையாக வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதைவிட அலமாரியை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது. செல்லோடேப் கூடவே கூடாது. பிரேம் கடையில் லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டித் தருகிறேன் என்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அது திரும்பிவராத காரியம். மடிப்பு கிழிந்திருந்தால் பின்புறம் ஜப்பானியக் கையால் செய்த வாஷி காகிதத்தைக் கோதுமைப் பசையில் ஒட்டுவதுதான் முறை. பிற்காலத்தில் தண்ணீரில் பிரித்தெடுக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நான் தொழில்முறைப் பாதுகாப்பாளன் இல்லை, என் தாள்களுக்கே வேறொருவரிடம்தான் கொடுக்கிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் அந்தப் போஸ்டருக்கு இப்படிச் செய்யுங்கள். நான்கு படம் கேளுங்கள்: அளவுகோலோடு முழுத்தாள், தலைப்பின் ஐந்து எழுத்தும் கடைசியும் தெரியும்படி ஒன்று, கீழ் ஓரத்துப் பொடி எழுத்து கிட்டத்தில் ஒன்று, பின்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று. பின்புறப் படத்தில் மடிப்பும் ஊசித்துளையும் முன்புறத்தில் இருக்கும் அதே இடத்தில் தெரியவேண்டும். நான்கும் தருகிறவரிடம் பேரம் பேசுங்கள். கீழ் ஓரத்துப் படம் மட்டும் அனுப்பத் தயங்கினால், அந்தத் தாளை விட்டுவிடுங்கள். கிடைத்த படங்களை இங்கேயே பதிவிட்டால் எழுத்தை நான் படித்துச் சொல்கிறேன்.